பையுள்ள அப்ரைட் வேக்குவம் கிளீனர்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மேற்கு லண்டனில் நாங்கள் வசிக்கும் வீட்டில் சமையலறை, குளியலறை இரண்டையும் தவிர எல்லா அறைகளிலும், மாடிப்படிகளிலும்கூட, சுவருக்குச் சுவர் கார்ப்பெட் பதிக்கப்பட்டிருக்கிறது. தஞ்சாவூரில் மொசைக் தரையைப் பூந்துடைப்பத்தால் பெருக்கி ஈரத்துணியால் துடைத்துப் பழகிய எனக்கு, ஒரு கார்ப்பெட் எவ்வளவு மண்ணையும் முடியையும் தோல் செதிலையும் தன் இழைகளுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு மேலே சுத்தமாகத் தோன்றும் என்பது புரியவே சில ஆண்டுகள் பிடித்தன. இந்த ஊரில் எல்லோரும் வேக்குவம் கிளீனரை ‘ஹூவர்’ என்றுதான் அழைக்கிறார்கள். நம்மவர்களும் ‘ஹூவர் போட்டாயிற்றா’ என்றே கேட்கிறார்கள். அந்த ஹூவரைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒருமுறை தவறி, பிறகு சரியாகத் தேர்ந்ததைப் பற்றியும், ஆறு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை பயன்படுத்திவரும் இயந்திரத்தைப் பற்றியும் எழுதுகிறேன். கார்ப்பெட் உள்ள வீடுகளில் வாழ்பவர்களுக்கே இது பயன்படும். சென்னையிலோ மதுரையிலோ டைல்ஸ் தரையுள்ள வீட்டுக்கு, நின்றபடி கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் அப்ரைட் வகை தேவையே இல்லை. அங்கே உடலைத் தரையில் இழுத்துக்கொண்டு நீண்ட குழாயால் உறிஞ்சும் ஒரு சிறிய சிலிண்டர் வகை போதும், பல வீடுகளுக்குத் துடைப்பமே போதும்.

எங்களிடம் முதலில் இருந்தது பை இல்லாத வகை. உறிஞ்சிய தூசி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடுவை ஒன்றில் சேரும். வாங்கிய புதிதில், குடுவைக்குள் சுழலும் சாம்பல் நிறக் குப்பையைக் கண்ணால் பார்ப்பதே பெரிய நிறைவாக இருந்தது. ஆனால் குடுவையைக் குப்பைத்தொட்டியின் மேல் திறக்கும் ஒவ்வொரு முறையும், இவ்வளவு நேரம் பாடுபட்டுத் தரையிலிருந்து எடுத்ததில் மிக நுண்ணிய பகுதி புகைபோல எழுந்து என் முகத்திலும் உடையிலும் படிந்தது. என் மகனுக்கு வீசிங் உண்டு. வீட்டைச் சுத்தம் செய்த நாளின் இரவில்தான் அவனுக்கு இருமல் கூடுதலாக வருகிறது என்பதை ஒரு குளிர்காலம் முழுவதும் குறித்துவைத்துப் பார்த்த பிறகு, இந்த இயந்திரத்தை மாற்றியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். இருமலுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஒவ்வாமை தரும், தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளை ஒழிக்கப் படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதுதான் முதன்மையான வழி என்பதும், ஹூவர் போடுவதால் மட்டும் ஒவ்வாமை நீங்கிவிடாது என்பதும் உண்மையே. ஆயினும், தூசியைத் தேடிப் பிடிக்கும் ஒரு கருவி அதையே வீட்டுக்குள் திரும்பத் தூவக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இருக்கவில்லை.

அதன் பிறகு நான் கடைகளில் கேட்ட கேள்வி மாறியது. எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்று கேட்பதை விட்டுவிட்டு, உறிஞ்சியதை எங்கே, எப்படி வைத்துக்கொள்கிறது, நான் அதை வெளியே எறியும் வரை அது என் மூச்சில் படாமல் இருக்குமா என்று கேட்கத் தொடங்கினேன். வியப்பு என்னவென்றால், இந்தக் கருவி பிறந்ததே அந்தக் கவலையிலிருந்துதான். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஒரு பெரிய கடையைத் துப்புரவு செய்யும் பணியில் இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்ளர் என்பவருக்கு ஆஸ்துமா இருந்தது. கார்ப்பெட்டைப் பெருக்கும் கருவி கிளப்பிய தூசியைத் தாங்க முடியாமல், அவர் ஒரு மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கைப்பிடியையும் சுழலும் பிரஷையும் இணைத்து, பின்புறத்தில் ஒரு தலையணை உறையைப் பையாகக் கட்டினார். 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை வாங்கிய தோல் பொருள் வணிகர் வில்லியம் ஹென்றி ஹூவரின் பெயரே பின்னாளில் இயந்திரத்தின் பெயராகிவிட்டது. 1933இல் திறக்கப்பட்ட ஹூவர் நிறுவனத்தின் வெள்ளைநிறக் கட்டடம் எங்கள் பக்கத்தில் பெரிவேலில் நெடுஞ்சாலையை ஒட்டி இன்றும் நிற்கிறது. இப்போது அதில் குடியிருப்புகள் இருக்கின்றன. அதைக் கடந்து போகும்போதெல்லாம், முதல் அப்ரைட்டிலேயே பிரஷ், மோட்டார், பை என்ற மூன்றும் இருந்தன என்பது எனக்கு நினைவுக்கு வரும். நூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு அப்ரைட்டின் தரத்தை பிரஷ், பை, மோட்டார் இழுத்த காற்று வெளியேறும் பாதை என்ற மூன்றையும் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் பிரஷ். கார்ப்பெட்டில் தங்கும் அழுக்கில் பெரும்பகுதி செருப்போடு வந்த உலர்ந்த மண்துகள். அது இழைகளின் அடியில் இறங்கிவிட்டால், காற்றின் இழுப்பு மட்டும் அதைத் தூக்கிவிடாது; சுழலும் பிரஷ் இழையைத் தட்டி விரித்து மண்ணை அசைத்துக் கொடுத்தால்தான் காற்று அதை வாரிக்கொண்டு போகும். மோட்டார் பொருத்திய சுழல் பிரஷ் இல்லாத சிலிண்டர் வகை, தரைக்கும் சோஃபாவுக்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடர்ந்த கார்ப்பெட்டில் மேற்பரப்பை மட்டுமே மேய்ந்துவிட்டு வரும். எங்கள் வீட்டில் இருப்பது இங்கே பரவலாக விற்கும் எண்பது பங்கு கம்பளி, இருபது பங்கு நைலான் கலந்த முறுக்கிழைக் கார்ப்பெட்; அதற்குச் சுழல் பிரஷ் ஏற்றது. ஆனால் இழைகள் வெட்டப்படாமல் வளையம் வளையமாக இருக்கும் கார்ப்பெட் உங்கள் வீட்டில் இருந்தால், முரட்டுப் பிரஷ் அந்த வளையங்களை இழுத்துப் பிசிராக்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் பிரஷை நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லாத அப்ரைட்டை வாங்கவே கூடாது.

பிரஷின் உயரமும் அதேயளவு முக்கியமானது. மிகத் தாழ்வாக இருந்தால் தள்ளுவதற்குக் கை வலிக்கும், கார்ப்பெட்டும் தேயும். மிக உயரமாக இருந்தால் பிரஷ் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும், மண் அடியிலேயே கிடக்கும். மலிவான பல இயந்திரங்களில் உயரத்தை மாற்ற வழியே இல்லை. பிரஷைச் சுழற்றும் பெல்ட்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டையான ரப்பர் பெல்ட் நாளடைவில் நெகிழ்ந்து நழுவத் தொடங்கும். அப்போது மோட்டார் வழக்கம்போல இரைந்தாலும் பிரஷ் மெதுவாகச் சுழலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பற்கள் உள்ள பெல்ட் அப்படி நழுவுவதில்லை.

இரண்டாவது பை. பையுள்ள இயந்திரங்களின் மீது ஒரு நியாயமான குறை நீண்ட காலமாகச் சொல்லப்பட்டுவந்தது: காற்று பையின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும், அவை அடைபட அடைபட இழுப்பு குறையும் என்பதே அது. 1993இல் டைசன் தன் முதல் பையில்லா இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது முன்வைத்த வாதமும் இதுதான். அன்றைய ஒற்றைக் காகிதப் பைகளைப் பொறுத்தவரை அது சரியும்கூட. இன்று நல்ல பைகள் துணிபோன்ற செயற்கை இழைகளால் பல அடுக்குகளாகச் செய்யப்படுகின்றன. வெளி அடுக்குகளின் இழைகள் நுண்தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ள, உள் அடுக்கு பெரிய குப்பையைத் தாங்குவதால், பை முக்கால் பங்கு நிறையும்வரை இழுப்பு அதிகம் குறைவதில்லை. ஈரம் பட்டாலும் காகிதம்போலக் கிழிவதில்லை. எனவே ஓர் இயந்திரத்தைப் பார்க்கும்போது அதற்குக் கிடைக்கும் பை எந்த வகை என்பதை முதலில் கேளுங்கள். கழற்றும்போது வாயை மூடிக்கொள்ளும் மூடி பையிலேயே இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த மூடி இல்லையென்றால் பை வாங்குவதன் பாதிப் பயன் போய்விடும்.

பையில்லா இயந்திரத்துக்குச் செலவே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பை செய்யும் வேலையை அங்கே வடிகட்டிகள் செய்கின்றன. அவற்றை அவ்வப்போது கழுவி, ஒரு முழு நாளாவது உலரவிட்டுத்தான் திரும்பப் பொருத்த முடியும். லண்டன் குளிரில் உலராத வடிகட்டியைப் பொருத்தியதால் எங்கள் பழைய இயந்திரத்தில் எழுந்த ஈரவாடை கடைசிவரை போகவில்லை. மற்றபடி, ஒவ்வாமை இல்லாத, தோட்டத்தில் குடுவையைக் கொட்ட வசதியுள்ள குடும்பத்துக்குப் பையில்லா வகை ஒத்துவரலாம். அதை நான் மறுக்கவில்லை.

மூன்றாவது, பையிலிருந்து வெளியேறும் காற்று அறைக்குள் வந்து சேரும் பாதை. இங்குதான் விளம்பரங்கள் மிகவும் ஏமாற்றுகின்றன. மிக நுண்ணிய தூசியைப் பிடிக்கும் வடிகட்டியைக் குறிக்கும் ‘ஹெப்பா’ என்ற சொல் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும். ஐரோப்பிய அளவுகோலின்படி ஹெச்13 வகை வடிகட்டி, பிடிப்பதற்கு மிகவும் கடினமான அளவுள்ள துகள்களிலேயே 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் அது வடிகட்டியைத் தனியாக வைத்துச் சோதித்த கணக்கு. பை வைக்கும் அறையின் கதவோரத்தில் உள்ள ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தாவிட்டால், காற்று வடிகட்டியைத் தேடிப் போகாமல் அந்த இடைவெளி வழியாகவே வெளியேறிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த வடிகட்டியாக இருந்தாலும் பயன் இராது.

இதை எனக்குக் கற்றுத்தந்தவர் கிரீன்ஃபோர்ட் பக்கம் பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். கடைகளில் புதிய இயந்திரங்களை இயக்கிப் பார்த்தும் தெளிவு கிடைக்காமல் அவரிடம் போனபோது, “பிள்ளை, காட்சிக்கு வச்ச புதுசைப் பார்த்தால் ஒண்டும் விளங்காது. ஓடின மெஷினைத் திறந்து பையைக் கழட்டிப் பாருங்கோ. பைக்குப் பின்னால தூசி கிடந்தால் அந்தச் சாமானை எடுக்காதேங்கோ” என்றார். பழுதுக்கு வந்திருந்த நான்கைந்து இயந்திரங்களை என் முன்னாலேயே திறந்தும் காட்டினார். சிலவற்றில் பையின் கழுத்து வாயில் சரியாக உட்காராமல், பை அறை முழுவதும் மாவு தூவியதுபோல் தூசி படிந்திருந்தது. ஒன்றில் மட்டும், பல ஆண்டுகள் ஓடிய இயந்திரம் என்று அவர் சொன்ன பிறகும், விரலால் தடவிப் பார்த்தபோது விரல் சுத்தமாகவே இருந்தது. அது செபோ நிறுவனத்தின் ஆட்டோமேட்டிக் எக்ஸ் வரிசையைச் சேர்ந்தது. வாட் கணக்கும் விலைப்பட்டியலும் தராத உறுதியை அந்த விரல் சோதனை எனக்குத் தந்தது.

வாட் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றும் நண்பர்கள் முதலில் கேட்பது அதைத்தான். வாட் என்பது இயந்திரம் செலவழிக்கும் மின்சாரம். அது செய்யும் வேலையின் அளவாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வேக்குவம் கிளீனர்களுக்கு 1,600 வாட் என்ற உச்சவரம்பையும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்ற உச்சவரம்பையும் கொண்டுவந்தது. பிரிட்டனும் அப்போது ஒன்றியத்தில் இருந்தது. நல்ல நிறுவனங்கள் காற்றுப்பாதையைச் செம்மைப்படுத்தி, பாதி மின்சாரத்தில் அதே வேலையை வாங்கின. 2017இன் விதிகளில் எனக்குப் பெரிதாகப்பட்டவை வேறு இரண்டு: உறிஞ்சிய தூசியில் 1 சதவீதத்துக்கு மேல் திரும்ப வெளியே வரக்கூடாது, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஹூவர் போடும் வீட்டில் 500 மணி நேரம் என்பது ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. அதாவது, விதியை மட்டும் நிறைவு செய்யும் இயந்திரம் ஐந்தாம் ஆண்டுக்குள் ஓய்ந்துபோனால் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

அந்த நாள்களில் இயந்திரங்களின் மேல் ஏ முதல் ஜி வரை வகுப்புகள் அச்சிட்ட லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். தூசி திரும்ப வெளிவரும் அளவுக்கும் அதில் தனி வகுப்பு இருந்தது. ஏ வகுப்பு பெற 0.02 சதவீதத்துக்கு மேல் வெளியேறக் கூடாது. டைசன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்த லேபிள் விதியை ரத்து செய்தது. மின்சாரச் சிக்கனத்துக்கான சோதனைகள் தூசி சேராத வெற்றுக் கொள்கலத்தோடு நடத்தப்பட்டன, வீட்டில் யாரும் அப்படிப் பயன்படுத்துவதில்லை என்பதே காரணம். பையுள்ள இயந்திரத்தை விரும்பும் எனக்கும் அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. புதுப் பையோடு எல்லா இயந்திரமும் நன்றாகவே உறிஞ்சும்; பை பாதி நிறைந்த நான்காவது வாரத்தில் எப்படி உறிஞ்சுகிறது என்பதே நமக்குத் தெரிய வேண்டியது. ஆகவே பழைய லேபிளோடு ஏதாவது இயந்திரம் மலிவாகக் கிடைத்தால், தூசி வெளியேற்ற வகுப்பை மட்டும் ஓரளவு நம்பலாம். மின்சார வகுப்பை நம்ப வேண்டியதில்லை.

இனி நாங்கள் வாங்கிய இயந்திரம். செபோ, ஜெர்மனியின் வெல்பெர்ட் நகரத்து நிறுவனம். தொழில்முறைத் துப்புரவுக்கான இயந்திரங்களிலிருந்து வீட்டுக்கு வந்தது. அந்தப் பிறப்பு எக்ஸ் வரிசையின் உடலில் நன்றாகத் தெரியும்: அழகுக்காக எதுவும் இல்லை, கழற்ற வேண்டிய எல்லாமே கருவியின்றிக் கழலும். முந்தைய இயந்திரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை கொடுத்தோம். வீட்டில் அதற்கு முதலில் எதிர்ப்புதான் இருந்தது.

இந்த வரிசையின் சிறப்பு, பிரஷின் உயரத்தை இயந்திரமே சரிசெய்துகொள்வது. பிரஷ் எவ்வளவு எதிர்ப்பைச் சந்திக்கிறது என்பதை மின்னணுப் பகுதி உணர்ந்து, அடர்ந்த கார்ப்பெட்டில் தலையை உயர்த்தியும், மெல்லிய விரிப்பிலும் வெறுந்தரையிலும் தாழ்த்தியும் கொடுக்கிறது. ஹாலில் இருக்கும் கம்பளிக் கார்ப்பெட்டிலிருந்து வாசல் பக்கத்து மரத்தரைக்கு இறங்கும்போது, மோட்டாரின் ஒலி சற்று மாறி, தலை தாழ்வதைக் கையாலேயே உணரலாம். துண்டின் ஓரமோ பிள்ளைகளின் காலுறையோ பிரஷில் சுருண்டால், பிரஷ் தானே நின்று எச்சரிக்கை விளக்கு எரியும். பெல்ட் அறுந்து புகைவாடை வரும் நிலை ஏற்படுவதில்லை. பிரஷின் மயிர் தேய்ந்துபோனதையும் அதே விளக்குகள் தெரிவிக்கின்றன. பை 5.3 லிட்டர் கொள்ளளவு கொண்டது. புதிதாகப் பதித்த கம்பளிக் கார்ப்பெட் முதல் சில மாதங்களுக்குப் பஞ்சுபோல் இழைத்துகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் மாடியறைகளுக்குப் புதுக் கார்ப்பெட் போட்ட ஆண்டில் இந்தப் பெரிய பையின் அருமை தெரிந்தது. இப்போது நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு பை ஐந்து அல்லது ஆறு வாரங்களுக்கு வருகிறது. பத்துப் பைகள் கொண்ட ஒரு பெட்டி ஓராண்டைத் தாண்டுகிறது. கைப்பிடியின் பின்புறத்திலேயே குழாயும் நீள்தண்டும் இருப்பதால், சோஃபாவின் இடுக்கையோ கூரையோரத்து ஒட்டடையையோ எடுக்க எதையும் தேடிப் பொருத்த வேண்டியதில்லை.

நம் வீடுகளுக்கே உரிய சில விஷயங்களை எந்த ஆங்கில மதிப்புரையிலும் நான் பார்த்ததில்லை. முதலாவது நீளமான முடி. எனக்கும் என் மகளுக்கும் இடுப்புவரை முடி. எண்ணெய் வைத்த முடி உதிர்ந்து கார்ப்பெட்டில் கிடந்தால், அது பிரஷ் உருளையில் நூல்கண்டுபோல் இறுகச் சுற்றிக்கொள்ளும், எண்ணெய்ப்பசையால் தூசியும் அதன் மேல் பிசினாக ஒட்டும். ஆகவே பிரஷை எளிதாக வெளியே எடுக்க முடியுமா என்பது நமக்கு மற்றவர்களைவிடப் பெரிய கேள்வி. எக்ஸ் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்தினால் உருளை பக்கவாட்டில் கழன்று வந்துவிடும். நான் மாதம் ஒருமுறை அதை எடுத்து, கத்தரிக்கோலால் முடியை நெடுக வெட்டி நீக்கிவிட்டுத் திரும்பச் செருகுகிறேன். ஐந்து நிமிட வேலை. திருப்புளி கொண்டு ஆறு திருகுகளைக் கழற்ற வேண்டிய இயந்திரமாக இருந்தால் இதை ஆண்டுக்கு ஒருமுறைகூடச் செய்திருக்கமாட்டேன்.

இரண்டாவது பூஜை அலமாரியின் அடியில் சிந்தும் விபூதியும், மார்கழியில் வாசலில் போடும் கோலமாவும். இவ்வளவு நுண்ணிய பொடி எந்தப் பையின் துளைகளையும் மற்றக் குப்பையைவிட விரைவாக அடைத்துவிடும். பை பாதி காலியாக இருக்கும்போதே ‘பை நிறைந்தது’ என்ற விளக்கு எரிந்தால், இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம், அந்த விளக்கு காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. வீட்டில் சுவர் பூச்சு வேலை நடந்த பிறகு வரும் சிமென்டுத் தூளுக்கும் இது பொருந்தும். விபூதியை முதலில் ஒரு காகித அட்டையால் வாரி எடுத்துவிட்டு, மீதத்தை மட்டும் குழாயால் எடுப்பதே நல்லது. குங்குமம் கொட்டினால் அதன் மேல் பிரஷை ஓட்டவே கூடாது. பிரஷ் அதை இழைக்குள் தேய்த்துச் சாயமேற்றிவிடும். தேய்க்காமல் குழாயின் வாயை மேலாகப் பிடித்து உறிஞ்ச வேண்டும். ஊதுவத்திச் சாம்பலிலோ குத்துவிளக்கின் திரியிலோ கனல் இருக்கக்கூடும் என்றால் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்; பைக்குள் இருப்பது உலர்ந்த பஞ்சும் தூசியும்.

இயந்திரத்தின் வடிவத்தோடு ஒட்டிய குறைபாடுகளையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். இதன் எடை 7 கிலோவுக்கு மேல். சமதரையில் தள்ளும்போது எடை தெரியாது, ஆனால் மாடிப்படிகளில் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழாயை இயக்குவது முதுகுவலி உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. நான் இயந்திரத்தைப் படிகளின் அடியில் நிறுத்திக் குழாயால் பாதிப் படிகளையும், பிறகு மேலே கொண்டுபோய் வைத்து மீதிப் படிகளையும் சுத்தம் செய்கிறேன். ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவரைக் கீழ்த்தளத்தில் மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறேன். தாழ்வான கட்டிலுக்கு அடியில் முழுவதுமாக நுழையும் அளவுக்கு இதன் உடல் தட்டையாகப் படுக்காது. அங்கே குழாயையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தேவை முதன்மையானவர்களுக்கு அதே நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் என்ற அப்ரைட் பொருத்தமாக இருக்கும். அதன் கழுத்து பக்கவாட்டில் திரும்பும், உடல் தரையோடு படுக்கும். ஆனால் பை 3.5 லிட்டர்தான், பிரஷின் உயரத்தையும் கையால் மாற்ற வேண்டும். ஒரே தளத்து ஃபிளாட்டில், கார்ப்பெட்டும் வெறுந்தரையும் சரிபாதியாக இருப்பவர்களுக்கு நான் ஃபெலிக்ஸையே பரிந்துரைப்பேன். மூன்று படுக்கையறை உள்ள முழுக் கார்ப்பெட் வீட்டுக்கு எக்ஸ் வரிசை.

விலையைப் பற்றி யோசிக்கும்போது, வாங்கும் நாளின் விலையோடு பை, வடிகட்டி, பிரஷ், பெல்ட் ஆகியவற்றின் விலையையும், அவை எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கடையில் நிற்கும்போதே கைப்பேசியில் அந்த இயந்திரத்துக்கான பிரஷ் உருளை தனியாக விற்கப்படுகிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால், பிரஷ் தேயும் நாளில் முழு இயந்திரத்தையும் குப்பைக்கு அனுப்ப வேண்டிவரும். மலிவான மாற்றுப் பைகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. அவற்றில் சில நன்றாகவே இருக்கும், ஆனால் கழுத்தட்டை அரை மில்லிமீட்டர் சிறுத்திருந்தாலும் பெரியவர் காட்டிய அந்த மாவுப்படலம் பை அறைக்குள் உருவாகிவிடும். புதிய வகைப் பை எதையாவது முதன்முறை போட்டால், இரண்டு வாரம் கழித்துக் கதவைத் திறந்து பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். ஒருமுறை அப்படிப் பார்த்துவிட்டு ஒரு பெட்டிப் பைகளை அப்படியே ஒதுக்கி வைத்தேன். மகனின் அறையை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சில பவுண்டு மிச்சம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஆறு ஆண்டுகளில் நான் மாற்றியவை ஒரு பிரஷ் உருளையும், வடிகட்டிகளும்தான். பெல்ட் வாங்கியபோது இருந்ததே. பை நிறைந்ததும் மூடியை இழுத்து வாயை அடைத்து, முழுப் பையையும் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தெருவாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருகிறேன். முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டிய தேவை இப்போது இல்லை. மகனுக்கு அந்த நேரத்தில் அறையை விட்டுப் போகச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன், சனிக்கிழமைகளில் ஹாலுக்கு ஹூவர் போடுவது இப்போது அவன் பொறுப்பு.